முப்பிடாதியின் நன்றிக்கு என் பதில்

ஜூலை 2, ஞாயிறு

பிரஷர் 118/76. எடை 62.

டாக்டர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். "தினமும் ரெண்டையும் ஒரு நோட்டுல குறிச்சிட்டு வாங்கம்மா" என்றார். ஒரு பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கும்போது இரண்டு எண்ணை மட்டும் எழுதி மூடிவைக்க என் கை கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பதினாறு வருடமாக எழுதி எழுதித் தேய்ந்த கை இது.

ஜூன் 14ஆம் தேதி மதுரையில் என் இடது கிட்னியை எடுத்து என் தங்கை முப்பிடாதிக்கு வைத்தார்கள். இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்து கறுத்துப்போய்க் கிடந்தவள். கிரியாட்டினின் ஒன்பதில் நின்றது. ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு அது. கிட்னி ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றை ஒட்டி நிற்கும், ஏறினால் ஆபத்து. இதெல்லாம் இப்போது எங்கள் தெரு முழுக்கத் தெரியும், அத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது.

இன்று அவளுக்கு 1.1. படித்ததும் அழுதேன். சமையலறைக்குள் போய்த்தான் அழுதேன்.

போன் ஓயவில்லை. 'தெய்வம்', 'தாய்க்கும் மேல்', 'நன்றி நன்றி நன்றி'. அவள் புருஷன் வீட்டு ஆட்கள், கூடப் படித்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள். எனக்குப் பதில் எழுதுவது கஷ்டமே இல்லை. தாளாளர் அம்மா பெயருக்கு வரும் நன்றிக் கடிதங்களுக்கெல்லாம் பதில் தயாரிப்பது நான்தான். 'தங்கள் அன்பான சொற்கள் மனத்துக்கு நிறைவளித்தன.' முடிந்தது.

நான் நன்றியை எதிர்பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் அவள் மாமியாரின் தம்பிகள் மூன்று பேரும் இதுவரை ஒரு வார்த்தை அனுப்பவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

ஜூலை 5, புதன்

116/78. 62.

காலையில் முப்பிடாதியிடமிருந்து ஒரு மெசேஜ். 'எக்கா, நன்றி.' ஒரு கும்பிடு. வேறொன்றும் இல்லை.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னது கிடையாது. சொன்னால் "ஏன், நாங்க என்ன மூணாம் மனுசங்களா?" என்று சண்டைதான் வரும். அதிலும் இவள்! ஒரு ரவிக்கையைக் கேட்காமல் எடுத்துப் போட்டதற்காக என்னோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவள். அவள் வாயிலிருந்து நன்றி.

அரைமணி நேரம் எழுதி எழுதி அழித்தேன். தாளாளர் அம்மாவின் வாக்கியம் எதுவும் உதவவில்லை. கடைசியில் ஒன்று தோன்றியது. 'நன்றியெல்லாம் எதுக்குட்டி? அது என் சாமான். பத்திரமா வச்சிக்கிட்டாப் போதும்.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

நன்றாக இருக்கிறதென்று இவரிடம் படித்துக் காட்டினேன். இவர் பேப்பரை இறக்காமலே, "ஏளா, இது என்னமோ மாதிரி இருக்கே" என்றார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடமாகியும் இந்த மனுஷனுக்கு என் நக்கல் பிடிபடவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

120/80. எடையை மறந்துவிட்டேன்.

தினமும் காலையில் அவளிடமிருந்து கணக்கு வருகிறது. எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எவ்வளவு போனது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. கடைசியில் ஒரு 'நன்றிக்கா'. நானும் தினமும் 'என் சாமான் எப்படி இருக்கு?' என்றுதான் தொடங்குகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஜூலை 24, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். காலை வழிபாட்டில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். "இதெல்லாம் எதுக்கு" என்று மூன்று தடவை சொன்னேன். போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

118/80. 63.

அம்பாசமுத்திரம் போயிருந்தேன். அறுவைக்குப் பிறகு அவள் வீட்டுக்கு இன்றுதான் போகிறேன். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து, பார்க்கவே நிறைவாக இருந்தது.

நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள். "ஏட்டி, உக்காரு" என்றால் உட்காரமாட்டேன் என்கிறாள். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ இதுல உக்காருக்கா" என்று எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் சுவரோரமாக நின்றாள். அவள் புருஷன் கணபதிராமன், "மயினி, காபிக்குச் சீனி போதுமா? மயினி, டி.வி. போடட்டுமா?" என்று பின்னாலேயே அலைந்தார்.

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஊறுகாய் பாட்டில் இருந்தது. அவளுக்கு உப்பு ஆகாது. "இது எதுக்கு?" என்றேன். "அவுகளுக்குக்கா. நான் தொடமாட்டேன்" என்றாள். எதற்கு வம்பு என்று எடுத்துக் கொட்டிவிட்டேன். வீட்டு முன்னறையில் அவள் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையையும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தூசி, ஆட்கள் இருமல், எதற்கு? டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்காரலாம் என்று சொன்னாராம். டாக்டருக்கு என்ன தெரியும் அம்பாசமுத்திரத்துத் தூசியைப் பற்றி?

பழைய முப்பிடாதியாக இருந்தால் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள். இப்போது எதற்கும் "நீ சொன்னாச் சரிதாங்க்கா" என்கிறாள். நோய் அவளைப் பக்குவப்படுத்திவிட்டது.

பஸ்ஸில் வரும்போது ஏனோ மனசு சரியில்லை. அலுப்பாக இருக்கும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கணபதிராமனின் அண்ணன் மகள் கல்யாணம், அம்பாசமுத்திரத்தில். முப்பிடாதி மாஸ்க் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், மாம்பழக் கலரில் பட்டு. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். மாமியாரின் தம்பிகள் மூன்று பேரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அழுதேவிட்டார். ஆக, அந்தக் குறையும் தீர்ந்தது.

பந்தியில் அவள் என் எதிர் வரிசை. அப்பளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் இந்தப் பக்கமிருந்து, "ஏட்டி முப்பிடாதி! கீழ வையி. உள்ள இருக்கது என் சாமான்!" என்றேன்.

பந்தியே சிரித்தது. சாம்பார் வாளி வைத்திருந்தவர்கூடச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்பளத்தை இலையோரம் வைத்துவிட்டாள். பிறகு பாயசம் வந்தபோதும் கையை மறித்துக்கொண்டாள்.

தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 11, திங்கள்

'எக்கா, நேத்து தெரியாம எடுத்துட்டேன். மன்னிச்சிரு. நன்றி.'

ஆபீசில் ஒரே கூட்டம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

122/80.

அவளுக்கு 1.3. போன மாதம் 1.1. டாக்டர், கொஞ்சம் ஏறி இறங்கும், தண்ணீரைக் கூட்டுங்கள், இரண்டு வாரத்தில் திரும்பப் பாருங்கள் என்றாராம். நான் போனில் நன்றாக ஏசிவிட்டேன். "என் சாமானை என்னட்டி பண்ணுத? தண்ணி குடிக்கியா இல்லியா? அந்தக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுல வந்த வினையா இது?"

"இல்லக்கா, குடிக்கேன்க்கா" என்றாள். குரலே எழும்பவில்லை.

அக்கறையில்தானே ஏசுகிறோம்.

அக்டோபர் 8, ஞாயிறு

ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். 1.1! சரிந்துவிட்டது. 'பாத்தியா, ஏசுனாத்தான் ஒனக்குச் சரிப்படும்' என்று எழுதினேன். 'ஆமாக்கா, நன்றி' என்று வந்தது.

மத்தியானம் பருப்பு வைத்து, கத்தரிக்காய் பொரித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆபீசில் மாற்றுச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை. எண்ணும் தேதியும் என் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை வந்த ரிப்போர்ட்டை இன்று மறுபடி திறந்து பார்த்தேன். சும்மாதான். தேதி இருக்கும் மூலை போட்டோவில் விழவில்லை. ஆய்வகத்தின் வரிசை எண் 4417. ஆகஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 4417. பொட்டாசியம் 4.2, இதிலும் 4.2. ஹீமோகுளோபின் 11.3, இதிலும் 11.3.

ஆய்வகத்தில் எண்ணை மாற்ற மறந்திருப்பார்களோ என்னவோ.

அக்டோபர் 11, புதன்

மறக்கவில்லை.

ஆபீசிலிருந்தே கணபதிராமனுக்குப் போன் போட்டேன். முதலில், "நல்லாருக்கா மயினி" என்றார். "4417ன்னு போட்டிருக்கே, அது ஆகஸ்ட் ரிப்போர்ட்டுல்லா?" என்றேன். 

"மயினி, நான் சொன்னேம்னு அவகிட்டச் சொல்லாதீங்க."

"எவ்வளவு?"

"சனிக்கிழமை 1.9. டாக்டரு ஒடனே வரச்சொல்லிப் போன் அடிச்சாங்க. இவ போகமாட்டேன்னுட்டா. ரெண்டு நாள் பாப்போம், தண்ணி குடிச்சா எறங்கிரும், எறங்குன பெறவு அக்காகிட்டச் சொல்லிக்கிடலாம்னு..."

"ஏன்? எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன?"

"எப்படிச் சொல்லுவா மயினி?" முதல்முறையாக அவர் குரல் என்னிடம் உயர்ந்தது. "அக்கா சாமானைக் கெடுத்துப்புட்டேன், அக்கா சாமானைக் கெடுத்துப்புட்டேன்னு நாலு நாளா சுவத்தப் பாத்துட்டுப் படுத்திருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்னு பயப்படுதா. உயிரு போயிரும்னுகூட அவளுக்குப் பயமில்ல."

ஆபீஸ் மேஜையைப் பூட்டினேன். பிறகு, "இப்பமே கார் பிடிச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் நேரா அங்க வந்திருதேன்" என்றேன்.

இவர் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார். கோவில்பட்டி தாண்டும்வரை இவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். "அன்னைக்கே சொன்னேம்லா" என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்சம் சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

மதுரை. 2.6.

கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னையும் கணபதிராமனையும் உட்கார வைத்துப் பேசினார். "இது ரிஜெக்ஷன். உடம்பு இவ்வளவு நாள் ஏத்துக்கிட்டிருந்துச்சு. இப்ப இது என்னோடது இல்ல, வேற ஆளோடதுன்னு கண்டுபிடிச்சு எதிர்க்க ஆரம்பிச்சிருக்கு. மூணு நாளைக்கு ஸ்டீராய்டு ஏத்துறோம். பாப்போம்."

இதைத்தான் நான் மூன்று மாதமாகத் தினமும் காலையில் அவளுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"அப்பளம் தின்னதால வந்ததா டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். "சே சே, ஒரு அப்பளத்தாலயெல்லாம் வராதும்மா. யாரு மேலயும் தப்பில்ல. நாலு நாள் முந்தி வந்திருந்தா இன்னும் லேசா இருந்திருக்கும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்கிறார். அந்த நாலு நாளுக்கு யார் காரணமென்று அவருக்குத் தெரியாது. நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். அடிப்பாவி, அடிப்பாவி என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

பிரஷர் பார்க்கவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. முகம் வீங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன்.

"அவுக சொல்லிட்டாகளா?" என்றாள்.

"நானா கண்டுபிடிச்சேன். ஜெராக்ஸ் கடைக்காரி, நம்பரை மறைக்க விட்டுட்டியே."

சிரிப்பாள் என்று நினைத்தேன். வாய் கோணி அழுதாள். "எக்கா, போயிருச்சுன்னா என்ன செய்ய? ஒன் வயித்தக் கிழிச்சுக் குடுத்ததை நாலு மாசங்கூட வச்சிருக்கத் தெரியலியே எனக்கு. ஒனக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

வழி முழுக்க என்ன சொல்வதென்று யோசித்து வந்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எனக்கு எதுக்குட்டி பதில்? அது என் சாமானே இல்ல. குடுத்த அன்னைக்கே ஒன்னோடது. நான்தான் வெக்கங்கெட்டுப்போயி மூணு மாசமா சொந்தங் கொண்டாடிட்டுத் திரிஞ்சேன்." மூச்சு வாங்கியது. "போனாலும் ஒன்னோடதுதான் போகும். நான் ஒம் பக்கத்துல ஒக்காந்து அழுவேன். ஏசமாட்டேன். சத்தியமா ஏசமாட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அவளுடைய பழைய குரலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"தெனமும் நன்றி நன்றின்னு சொன்னேனே. ஒரு நாளாவது அதை வாங்கிக்கிட்டியா நீ?"

"என்னட்டி சொல்லுத?"

"நான் சொல்லச் சொல்ல, அது என் சாமான், அது என் சாமான்னு எந் தலையிலயே திருப்பிக் கட்டுன. நான் சொன்னதை எங்க கொண்டு போயி வைக்க? வெறும்ன, சரின்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு என்ன கேடு? தாளாளர் அம்மாவுக்கு எழுதிக் குடுக்கேல்ல, எனக்குச் சொல்லத் தெரியலியா?"

கோபம். சத்தியமாகக் கோபம். கண்ணில் நீர் வடிய வடிய என் மேல் கோபப்பட்டாள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. ஏசு ஏசு என்றிருந்தது.

"சரி, இப்பம் சொல்லு" என்றேன்.

"என்ன?"

"அதான். இப்பம் சொல்லு."

ஊசி ஏறாத கையால் என் கையைப் பிடித்தாள். "நன்றிக்கா" என்றாள்.

நக்கலாக ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். 'எதுக்குட்டி' என்றுகூடச் சொல்லவில்லை. 'நமக்குள்ள என்ன' என்றும் சொல்லவில்லை.

"சரிட்டி" என்றேன். "எனக்குச் சந்தோசம்."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது அழாதவள். பொன்னாடை போர்த்தியபோது அழாதவள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மா, "நர்ஸக் கூப்பிடட்டுமா?" என்று எழுந்தே வந்துவிட்டார். "ஒண்ணுமில்லம்மா, அக்கா தங்கச்சி" என்றாள் முப்பிடாதி.

அக்டோபர் 20, வெள்ளி

1.8. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் இறங்கலாம், இங்கேயே நிற்கலாம், மறுபடி ஏறவும் செய்யலாம் என்கிறார் டாக்டர். மாத்திரையை மாற்றியிருக்கிறார். நவம்பர் 18 அடுத்த சோதனை. அதில் தெரிந்துவிடுமாம்.

காலையில் போனை எடுத்ததும் விரல் தன்பாட்டுக்கு 'என் சா' வரைக்கும் அடித்துவிட்டது. அழித்தேன். 'தூங்குனியா?' என்று கேட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

126/82. 62.

போன் போட்டாள். "எக்கா, நாளையிலருந்து கடையத் தொறக்கேன். மாஸ்க் போட்டுக்கிடுவேன். டாக்டரு சரின்னுட்டாரு. நீ ஒண்ணும் சொல்லாத."

பத்துக் காரணம் வாய்க்குள் நின்றது. "நான் என்ன சொன்னேன்?" என்றேன்.

"சொல்லப்போறேல்லா. அதான்."

போனை வைத்ததும் இவரிடம், "எவ்வளவு திமிரு பாத்தீங்களா அவளுக்கு" என்றேன். "பாத்தேன்" என்றார். இரண்டு பேருமே சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. முறுக்கு கொஞ்சம் கருகிவிட்டது. மாமியாரின் தம்பிகளில் கடைசி ஆள், 'எங்கள் குலதெய்வத்துக்குத் தீபாவளி வாழ்த்து, நன்றி' என்று அனுப்பியிருந்தார். 'உங்கள் மெசேஜ் கிடைத்தது, சந்தோஷம்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

நவம்பர் 18, சனி

128/84. ஏறத்தானே செய்யும்.

காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்திருப்பாள். பதினொரு மணிக்கு ரிசல்ட் வந்துவிடும். பன்னிரண்டுக்கு அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கும் இல்லை. கணபதிராமன் நம்பரை எடுத்தேன், வைத்தேன். துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி அலசினேன். அரிசி களைந்துவிட்டு உலை வைக்க மறந்தேன். "கேட்டுத்தான் பாரேன்" என்றார் இவர். "கேக்க மாட்டேன்" என்றேன்.

நாலரை மணிக்குக் கூப்பிட்டாள். அவள் மாமியாருக்கு மூட்டுவலி என்றாள். கடையில் ஒருத்தன் ஆதார் கார்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டானாம், அவனைத் தேடிப் பிடிக்கப் பட்ட பாட்டைச் சொன்னாள். பெரிய மகனுக்குக் கணக்கில் முப்பத்தெட்டு மார்க்காம், அதற்காக ஒரு பத்து நிமிடம் திட்டினாள். நான் உம் உம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். 

"சரிக்கா, வைக்கட்டா?" என்றாள்.

"சரி, வையி."

வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது.

"எக்கா. நீ கேக்கவே இல்லியே."

"ஒன்னோடதைப் பத்தி நான் எதுக்குட்டி கேக்கணும்? ஒனக்குச் சொல்லணும்னா சொல்லு."

 யாரோ கடைக்கு வந்து இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும் என்று கேட்பது காதில் விழுந்தது. "செத்த இருங்க, அக்காகூடப் பேசிட்டிருக்கேன்" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"என்னோடது நல்லாருக்குக்கா."

எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.